ஓய்வு பெறும் சகோதரியிடம் யார் கேட்கிறார்கள்?

(பணி ஓய்வு பெற்ற சகோதரிகளுக்கும் ஓய்வை நெருங்கும் சகோதரிகளுக்குமாக சூளகிரியில் நடந்த ஒருநாள் கூடுகையில் நம் மருத்துவமனைப் போதகர் அளித்த செய்தி. வர இயலாத ஆதரவாளர்களும் வாசிக்கும்படி இங்கே தருகிறோம்.)

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான சகோதரிகளே, அவர்களோடு வந்திருக்கும் கணவன்மார்களே, பிள்ளைகளே, சபைப் பெரியோர்களே,

பேரிகையிலிருந்தும் உத்தனப்பள்ளியிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். வீட்டில் சமையலை முடித்து, பேரப்பிள்ளையை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள் பலர் என்பதை அறிவோம். உங்கள் பிரயாசத்துக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம்.

மருத்துவமனையில் ஊழியம் செய்கிற நாங்கள் அநேக வழியனுப்பு விழாக்களில் ஜெபித்திருக்கிறோம். மாலை போடுவார்கள், சால்வை போர்த்துவார்கள், ஒரு சுவர்க் கடிகாரமோ குத்துவிளக்கோ கொடுப்பார்கள். பேசுகிறவர்கள் எல்லாரும் அந்தச் சகோதரிக்கு ஏதாவது சொல்வார்கள். "இனி நிம்மதியாகப் பேரப்பிள்ளைகளோடு இருங்கள்" என்பார் ஒருவர். "இனி சபைக்கு முழு நேரமும் கொடுக்கலாம்" என்பார் மற்றொருவர். வீட்டிலோ, வருகிற பணத்துக்கு முன்னமே ஒரு கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். இத்தனை பேரில் அவரைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டவர் உண்டா என்று எண்ணிப் பார்த்தால், விரல்விட்டு எண்ணும் அளவுக்கும் தேறுவதில்லை. இன்றைக்கு இந்த ஒரு காரியத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இந்தத் தலைமுறையின் சகோதரிகள்

நம் பகுதியில் இது புதிய காரியம். நம் பாட்டிமார்களுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இருந்ததில்லை. கொத்தமல்லி பறித்தார்கள், களை எடுத்தார்கள், மாடு கறந்தார்கள், இயலாத நாளில் திண்ணையில் உட்கார்ந்தார்கள். மாதச் சம்பளமும் இல்லை, கடைசி வேலை நாளும் இல்லை.

1971-இல் தமிழக அரசு சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கி, அந்தப் பத்தாண்டில் ஓசூரில் தொழிற்பேட்டை உருவான பிறகு நிலைமை மாறிற்று. 1980-இல் டி.வி.எஸ். மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. 1984-இல் டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தை ஏற்படுத்தின. அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் அதன் ஓசூர் ஆலை கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பள்ளிப் படிப்பு முடித்த இளம் பெண்களும் ஆண்களும் அங்கே பழகி வேலைக்குச் சேர்ந்தார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசுகிற நம் கிராமங்களில், பெண் பிள்ளை சீருடை போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பதை ஜனங்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.

1987-இல் 20 வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு 2025-இல் 58 வயது. சம்பளம் வாங்கி, அதைக் கொண்டு தம்பியைப் படிக்க வைத்து, வீட்டுக்கு ஓடு மாற்றி, பிள்ளைகளைக் கரையேற்றிய முதல் தலைமுறைப் பெண்கள் இப்போதுதான் ஓய்வுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கு முன்னே நடந்து காட்டிய அம்மா யாரும் இல்லை.

இவர்களோடு ஆசிரியைகளும் இருக்கிறார்கள். 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்து, வருஷக்கணக்காகப் புகையில் நின்று பிள்ளைகளுக்குச் சோறு வடித்த சகோதரிகள் இருக்கிறார்கள். அவர்களில் விதவைகளும் கணவனால் கைவிடப்பட்டவர்களும் அநேகர். அங்கன்வாடி ஊழியர்கள் இருக்கிறார்கள். நம் மிஷன் மருத்துவமனைகளின் நர்சுகளும் ஆயாக்களும் இருக்கிறார்கள். வேலைகள் வெவ்வேறானாலும் இவர்கள் எல்லாருக்கும் வரும் சோதனை ஏறக்குறைய ஒன்றுதான்.

நிற்பது எது, நிற்காதது எது?

ஓய்வு பெறும் நாளில் சம்பளம் நிற்கிறது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் தோழி நிற்கிறாள். "சிஸ்டர்" என்றும் "டீச்சர்" என்றும் அழைத்த குரல்கள் நிற்கின்றன. ஆனால் வேலை நிற்கிறதா?

2019-இல் மத்திய அரசு, நாட்டு மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரிந்தது. ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! ஆண் ஓய்வு பெற்றால் அவருக்கு நாள் முழுவதும் மீதியாகிறது. பெண் ஓய்வு பெற்றால் இரண்டு வேலையில் ஒன்றுதான் குறைகிறது. "நீங்கள்தான் வீட்டில் இருக்கிறீர்களே" என்ற ஒரே வார்த்தையில், குறைந்ததற்கும் மேலாக வேறு வேலை வந்து சேர்ந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறோம். நம் சகோதரிகளில் பலர் 58 வரைக்கும் போவதே இல்லை. மகளுக்குப் பிரசவம் என்றோ, மாமியார் படுக்கையில் விழுந்தார் என்றோ 51-இலோ 52-இலோ வேலையை விட்டுவிடுகிறார்கள். சட்டம் சொல்லும் ஓய்வு வயது ஒன்று. குடும்பத்தின் தேவை முடிவு செய்யும் ஓய்வு வயது வேறொன்று. பேரப்பிள்ளையை வளர்ப்பது பெரிய ஆசீர்வாதம்தான். நகோமி தன் முதிர்வயதில் ஓபேத்தை மடியில் வைத்து வளர்த்தாள். அதில் அவளுக்கு ஆறுதல் உண்டாயிற்று. ஆகிலும் அவள் ஏவலாளாக அதைச் செய்யவில்லை. அந்தக் குழந்தை நகோமிக்கே பிறந்ததாக அயல்வீட்டுப் பெண்கள் கொண்டாடினார்கள் என்று ரூத்தின் சரித்திரத்தில் வாசிக்கிறோம். கொண்டாடப்படுவதும் ஏவப்படுவதும் ஒன்றாகாது அல்லவா?

லேவியரின் ஐம்பது

வேதத்தில் ஓய்வு வயது சொல்லப்பட்டிருக்கிறதா என்று சிலர் எங்களிடம் கேட்பதுண்டு. சொல்லப்பட்டிருக்கிறது. எண்ணாகமம் எட்டாம் அதிகாரத்தின் கடைசியில் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் வேலை செய்கிற லேவியர் 50 வயதானதும் அந்த வேலையிலிருந்து விலக வேண்டும் என்று தேவன் மோசேக்குக் கட்டளையிட்டார். காரணம் கண்டுபிடிப்பது கடினமல்ல. அது பாரம் சுமக்கிற வேலை. கோகாத்தின் புத்திரருக்கு வண்டியும் மாடும்கூடக் கொடுக்கப்படவில்லை. பரிசுத்த பொருட்களைத் தோளில் சுமந்தே கொண்டுபோனார்கள். ஐம்பதுக்கு மேல் அந்தத் தோள்களுக்குப் பாரம் வேண்டாம் என்று தேவனே இரக்கம் காட்டினார்.

ஆனால் அவர்களைப் பாளயத்துக்கு வெளியே அனுப்பவில்லை. தங்கள் சகோதரரோடு நின்று காவல் காக்கவும் அவர்களுக்கு உதவவும் இடம் வைத்தார். பாரம் இறக்கப்பட்டது, இடம் எடுக்கப்படவில்லை. நம் வீடுகளில் பல சமயம் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. ஓய்வு பெற்ற சகோதரிக்குப் பாரம் அப்படியே இருக்கிறது. முடிவெடுக்கும் இடம்தான் போய்விடுகிறது. சம்பளம் கொண்டுவந்த நாளில் அவர் வார்த்தைக்கு இருந்த மதிப்பு, சம்பளம் நின்ற மாதத்திலேயே குறையத் தொடங்குகிறது.

கையில் வரும் பணம்

ஆகையால் முதலாவது பணத்தைக் குறித்துப் பேசுவோம். போதகர் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று நினைக்க வேண்டாம். நாங்கள் வார்டில் கட்டிலருகே கேட்கிற கண்ணீரில் பாதி இதைப் பற்றியது.

ஒரு சகோதரி நாற்பது வருஷத்துக்கு அருகே வேலை செய்து வாங்கிய பி.எப். பணத்தையும் பணிக்கொடையையும் முழுவதுமாக மகனுடைய தொழிலுக்குக் கொடுத்துவிட்டார். தொழில் நஷ்டப்பட்டது. மகன் கெட்டவன் அல்ல. அவனும் கடனில் தவிக்கிறான். இன்று அந்தத் தாய் சர்க்கரை மாத்திரைக்கும் அவனிடம் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்பட்டு மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் சாப்பிட்டு, காலில் புண்ணோடு வந்து சேர்ந்தார். இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல.

செலொப்பியாத்தின் குமாரத்திகளான மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் ஐந்து பேரும் மோசேக்கு முன்பாகவும் சபை முழுவதற்கும் முன்பாகவும் வந்து நின்று, தங்கள் பங்கைத் தங்கள் பெயரில் கேட்டார்கள். அவர்கள் கேட்டது சரி என்று தேவனே தீர்ப்புச் சொன்னார். தன் பங்கைத் தன் பெயரில் வைத்திருப்பது அன்புக் குறைவு அல்ல, சகோதரிகளே.

சில காரியங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனியில் வேலை செய்தவர்களுக்கு 1995 நவம்பர் 16 முதல் நடைமுறைக்கு வந்த ஊழியர் ஓய்வூதியத் திட்டம் இருக்கிறது. பத்து ஆண்டுச் சேவை இருந்தால் 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. 50 வயதுக்குப் பிறகு முன்கூட்டியே வாங்கலாம். ஆனால் 58-க்கு முந்திய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 சதவீதம் குறையும். அப்படிக் குறைந்தது பிறகு கூடாது. கணக்கு எளிது: ஓய்வூதியத்துக்குரிய சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 7000 ரூபாய்ச் சம்பளத்துக்கு 10 ஆண்டுச் சேவை என்றால் மாதம் 1000 ரூபாய். இது ஒரு மூட்டை அரிசிக்கே போதாது என்பீர்கள். ஆம், போதாது. அதனால்தான் சேவை ஆண்டுகளைத் தவறவிடக்கூடாது. கல்யாணத்துக்கென்றும் பிரசவத்துக்கென்றும் இடையில் வேலையை விட்டு பி.எப்.போடு ஓய்வூதியப் பங்கையும் எடுத்துக்கொண்டவர்கள் அந்த ஆண்டுகளை இழந்திருப்பார்கள். எடுக்காமல் விட்டவர்களுக்கோ பழைய கம்பெனிக் கணக்கு இன்னும் இருக்கலாம். அதைத் தேடி இப்போதைய கணக்கோடு சேர்த்தால், பத்து ஆண்டு எட்டாதவருக்கும் எட்டிவிடும்.

பணிக்கொடை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் கொண்டுவந்த உரிமை. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர்கள், ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் அதைப் பெறலாம். அங்கன்வாடி ஊழியர்களுக்கும் உதவியாளர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும் என்று 2022 ஏப்ரலில் குஜராத்திலிருந்து வந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதை நடத்தியவர்களும் நம்மைப் போன்ற எளிய பெண்களே.

இ.எஸ்.ஐ. அட்டை வைத்திருந்தவர்கள் ஓய்வோடு அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் காப்பீட்டில் இருந்து ஓய்வு வயதில் விலகியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் மட்டும் கட்டி, தனக்கும் தன் வாழ்க்கைத் துணைக்கும் மருத்துவ உதவி பெறலாம். இது தெரியாமல் கடன் வாங்கி மருந்து வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம்.

பணம் கைக்கு வந்ததும் எங்கே வைப்பது? தபால் நிலையத்திலும் வங்கியிலும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் உண்டு. அது 60 வயதானவர்களுக்கு உரியது. ஆனாலும் 55 வயது நிரம்பி ஓய்வு பெற்றவர், ஓய்வுப் பணம் கையில் வந்த மூன்று மாதத்துக்குள் அதில் சேரலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும். சீட்டுக்கும் அதிக வட்டி ஆசை காட்டுகிறவர்களுக்கும் கொடுத்து ஏமாற வேண்டாம்.

வீட்டையோ நிலத்தையோ பிள்ளைகளுக்கு எழுதி வைக்க விரும்பினால், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-இல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்த நிபந்தனையை மீறினால், 60 வயது கடந்தவர் கோட்டாட்சியர் நிலையிலுள்ள தீர்ப்பாயத்தில் முறையிட்டு அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். வாய்வார்த்தையாக இருந்தால் நிரூபிப்பது கடினம்.

பிள்ளைகளே, நீங்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். அம்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்டு வாங்காதீர்கள். கொடுக்கும் நாளிலும் "உங்களுக்கு எவ்வளவு வைத்துக்கொண்டீர்கள்?" என்று முதலில் விசாரியுங்கள்.

சரீரமும் தேவனுடைய ஆலயமே

இரண்டாவது, சரீரத்தைக் குறித்து. வேலை நாட்களில் நம் சகோதரிகள் தங்கள் வலியைத் தள்ளிப்போட்டார்கள். லீவு கிடைக்காது, பஸ் போய்விடும், பிள்ளைக்குப் பரீட்சை. மாதவிடாய் நிற்கும் வயதில் இரவெல்லாம் வேர்த்து, தூக்கமில்லாமல், காலையில் முதல் ஷிப்டுக்கு ஓடியவர்கள் உங்களில் பலர். அந்த வயதுக்குப் பிறகு எலும்பு பலம் குறைகிறது. இரத்த அழுத்தமும் சர்க்கரையும் சத்தமில்லாமல் நுழைகின்றன. ஓய்வு பெற்ற முதல் மாதத்திலேயே ஒரு முழுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய்க்கும் மார்பகத்துக்குமான பரிசோதனையை வெட்கப்பட்டு விடாதீர்கள்.

நம் சூளகிரிப் பகுதிக்கு இதில் ஒரு சிறப்பு உண்டு. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நம் பக்கத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிற திட்டம் அது. 2024-இல் அதற்கு ஐக்கிய நாடுகள் சபையின் விருதும் கிடைத்தது. மாத்திரைக்காக மகனிடம் கை நீட்டத் தயங்குகிற தாய்க்கு இது எவ்வளவு பெரிய விடுதலை! உங்கள் பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா என்று கிராமத்துக்கு வரும் சுகாதார ஊழியரிடம் கேளுங்கள்.

தங்க ஓர் இடம்

மூன்றாவது, நம் சொந்த வீட்டுக் காரியம். நம் மிஷன் மருத்துவமனைகளைக் குறித்து, உங்களைப் போன்ற ஆதரவாளர்களுக்கு முன்பாக வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது.

மிஷன் மருத்துவமனைகளில் 18 அல்லது 19 வயதில் பயிற்சிக்கு வந்து, விவாகம் செய்யாமல், குவார்ட்டர்ஸிலேயே 35, 40 வருஷம் கழித்த நர்சுகள் இருக்கிறார்கள். எத்தனை பிள்ளைகளைக் கையில் ஏந்தினார்கள், எத்தனை கண்களை மூடினார்கள் என்பதற்குக் கணக்கில்லை. சம்பளத்தில் பெரும்பகுதி அண்ணன் தம்பிகளின் வீட்டுக்குப் போயிற்று. ஓய்வு பெறும் நாளில் அவர்கள் வேலையோடு வீட்டையும் விடுகிறார்கள். அடுத்து வருகிற நர்சுக்கு அந்த அறை தேவை. அதில் நிர்வாகத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்தச் சகோதரி சாவியைக் கொடுத்துவிட்டு எங்கே போவார்? சொந்த ஊரில் தம்பி மனைவிக்கு அவர் விருந்தாளி. நாற்பது வருஷமாகத் தெரிந்த சபை இங்கே இருக்கிறது, பிறந்த ஊரிலோ தெருவே மாறிப்போயிற்று.

இப்படி ஒரு சகோதரி ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் புறநோயாளிகள் பகுதியில் வந்து உட்கார்ந்திருந்தார். சுகவீனம் ஒன்றுமில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது என்றார். எங்களுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை, சேர்ந்து உட்கார்ந்தோம்.

இதற்கு ஒரே மருந்து இல்லை. ஆயினும் ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு முன்பாகவே இந்தப் பேச்சைத் தொடங்க முடியும். எங்கே தங்க விருப்பம், அதற்கு எவ்வளவு வேண்டும், யாரோடு சேர்ந்து வீடு எடுக்கலாம் என்று கேட்க முடியும். ஒன்றாக வேலை செய்த இரண்டு மூன்று சகோதரிகள் மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலைப் பகிர்ந்து வாழ்வது நல்ல வழி. சபையில் காலியாக வீடு வைத்திருப்பவர்கள் நியாயமான வாடகைக்கு அவர்களுக்குக் கொடுத்தால் அதுவும் ஊழியமே.

வேலூரில் கண்ட இரண்டு வழிகள்

நம் ஊர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் கிழக்கே போனால் வேலூருக்கான வழி. அங்கே மிஷன் மருத்துவத்தின் சரித்திரத்தில் இரண்டு பெண்களின் ஓய்வைக் காண்கிறோம்.

1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்த டாக்டர் ஐடா ஸ்கடர் 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஏற்படுத்தினார். அது கல்லூரியாக உயர்ந்து நிற்பதைக் கண்ணாரக் கண்டு 1946-இல் ஓய்வு பெற்றார். பிறகு கொடைக்கானலில் உள்ள தம் வீட்டில் வசித்து, 1960-இல் 89-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். தான் கட்டியதை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு 14 வருஷம் வாழ்வதற்கு எவ்வளவு விசுவாசம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரண்டாமவர் டாக்டர் ஹில்டா லாசரஸ். 1890-இல் விசாகப்பட்டினத்தில் பிறந்தவர். ஏறத்தாழ 30 ஆண்டு அரசின் பெண்கள் மருத்துவச் சேவையில் உழைத்து, அதன் உயர்ந்த பதவி வரை சென்று ஓய்வு பெற்றார். அப்போது வயது 57. அதன் பிறகே வேலூர் மருத்துவக் கல்லூரியின் பொறுப்பை ஏற்று, அதன் முதல் இந்திய இயக்குநராக 1954 வரை நடத்தினார்.

ஒருவர் சாவியைக் கொடுத்தார், மற்றவர் சாவியை வாங்கினார். இரண்டும் கனமான வழிகள். அதே 1954-இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டபோது, அதற்காகப் பாடுபட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டிக்கு 67 வயது.

இவர்களைச் சொல்லி உங்களை வெட்கப்படுத்த வரவில்லை. இவர்கள் படித்தவர்கள், கைகொடுக்க ஆட்கள் இருந்தவர்கள். நாற்பது வருஷம் நின்றே வேலை செய்த கால்களுக்கு உட்காருவதுதான் வேண்டுமென்றால், உட்காருங்கள். ஒரு வருஷம் ஒன்றுமே செய்யாமல் இருக்க விரும்பினால், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கணக்கு எழுதத் தெரிந்தவர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதலாம். தையல் தெரிந்தவர் கற்றுக்கொடுக்கலாம். இன்று ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் வெளியூர்களிலிருந்து நம் பகுதியின் எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளுக்கு வந்து விடுதிகளில் தங்கியிருக்கிறார்கள். முதல் சம்பளத்தை என்ன செய்வது, பி.எப். என்றால் என்ன, வீட்டு நினைவு வந்தால் யாரிடம் பேசுவது என்று தெரியாத பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்குச் சொல்ல நம் சூளகிரியில் உங்களைவிடத் தகுதியானவர் யார்? ஆனாலும் முடிவு உங்களுடையது.

சபையாருக்கு ஒரு வார்த்தை

சபைப் பெரியோர்களே, ஓய்வு பெற்ற சகோதரி என்றதும் ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கம், ஆலயம் பெருக்குதல், விருந்துச் சமையல் என்று ஒரு பட்டியலோடு போகிறோம். அவர் மறுக்கமாட்டார் என்று நமக்குத் தெரியும். மறுக்கத் தெரியாத ஒருவரிடம் போகும்போது நாம்தான் அதிகக் கவனமாக இருக்க வேண்டும். அன்னாள் தீர்க்கதரிசி 84 வயதிலும் தேவாலயத்தை விட்டு நீங்காமல் ஆராதித்தாள் என்று வாசிக்கிறோம். அவளை யாரும் பட்டியல் போட்டு அழைத்ததாக வாசிக்கவில்லை.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஒவ்வொரு சபையும் இந்த வருஷம் ஓய்வு பெறுகிற சகோதரிகள் யார் என்று பார்க்கட்டும். அவர்கள் வேறு சபையாரோ வேறு மதத்தாரோ ஆனாலும், தெருவில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொள்ளட்டும். வங்கியிலோ பள்ளியிலோ வேலை செய்த ஒருவர் அவர்களோடு உட்கார்ந்து, பி.எப்., பணிக்கொடை, இ.எஸ்.ஐ. தாள்களைப் பார்த்துக்கொடுக்கட்டும். சத்துணவு ஊழியர்களுக்கு முழு ஓய்வூதியம் இல்லை, சிறப்பு ஓய்வூதியமாக ஒரு சிறு தொகையே உண்டு. அப்படிப்பட்டவர்களை முதலில் தேடிப் போகட்டும். இதற்குப் பெரிய காணிக்கை தேவையில்லை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பொறுமையுள்ள ஒரு மனிதர் போதும்.

எரிகோ வழியருகே உட்கார்ந்திருந்த பர்திமேயு குருடன் என்பது கண்ட யாவருக்கும் தெரியும். அவனுக்கு என்ன தேவை என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும், தாம் அவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனையே கேட்டார். அவன் தன் வாயால் சொல்லும்வரை நின்றார். எல்லாம் அறிந்தவரே கேட்டிருக்க, ஒன்றும் அறியாத நாம் கேட்காமல் முடிவு செய்வது எப்படி?

இன்று வீடு திரும்பியதும், கணவன்மார்களே, பிள்ளைகளே, ஒரு காபியைப் போட்டு அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேளுங்கள். உடனே பதில் வராமல் இருக்கலாம். இத்தனை வருஷமாக யாரும் கேட்காத கேள்வி அது. பொறுத்திருங்கள். பதில் வரும்போது அதைக் குறுக்கிடாமல் கேளுங்கள்.

சகோதரிகளே, கர்த்தர் உங்கள் முதிர்வயதை ஆசீர்வதித்து, உங்கள் கைகளின் பிரயாசத்தின் பலனை உங்கள் கைகளிலேயே தங்கப் பண்ணுவாராக. ஆமென்.